154 கோப்புகள், ஓர் இரவு: வரிசை கலைந்த வில்லுப்பாட்டுப் பதிவை மீட்ட நிகழ்வு

பின்னணி

தாமிரபரணியின் தென்கரையில் ஒரு சிற்றூர். அங்கே சுடலைமாட சுவாமி கோயிலில் வெள்ளிக்கிழமைக் கொடைத் திருவிழா. அன்றிரவு வில்லடித்த அண்ணாவி, அதாவது குழுவின் தலைமைப் பாடகர், எழுபது வயதைக் கடந்தவர். சுடலைமாடன் கதையைக் காப்பிலிருந்து வாழி வரைக்கும் சுருக்காமல் பாடக்கூடியவர் அந்தக் குழுவில் அவர் ஒருவர்தான். குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று உடன் இருந்தவர்களுக்குப் பின்பாட்டுத் தெரியும். கதையின் முழு அடைவு தெரியாது. அதனால்தான் கோயிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர்கள் கூடி, இந்த ஆண்டு முழு இரவையும் பதிவு செய்வதென்று முடிவெடுத்தார்கள்.

எதிரே முக்காலியில் ஒரு ஹேண்டிகேம், பக்கவாட்டில் நடமாடும் ஒரு டிஎஸ்எல்ஆர், ஒலிபெருக்கி மிக்சரிலிருந்து நேராக இணைத்த ஓர் ஒலிப்பதிவுக் கருவி. இந்த மூன்றையும் உள்ளூர் ஸ்டூடியோக்காரர்கள் இருவர் கவனித்தார்கள். இரவு 9.20-க்குக் காப்புப் பாடல். 12.10-க்குச் சாமக்கொடைப் பூசைக்காக வில் நின்றது. நையாண்டி மேளம் முழங்க, சாமியாடி சுடுகாட்டுப் பக்கம் வேட்டைக்குப் புறப்பட்டார். 1.05-க்கு வில் மறுபடி தொடங்கியது. விடியற்காலை 5.05-க்கு வாழி பாடி முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து வந்த டிவிடியைப் போட்டுப் பார்த்தபோது, நாட்டு வளம் பாடும் அண்ணாவியின் தலையில் பரிவட்டம் இருந்தது. அடுத்த துண்டில் இல்லை. அதற்கடுத்த துண்டில் மறுபடி இருந்தது. பரிவட்டம் கட்டியதோ நள்ளிரவுப் பூசைக்குப் பிறகு. கைலாயத்தில் பார்வதி ஏந்திய விளக்கின் சுடரிலிருந்து சுடலை பிறக்கும் கட்டம், அவர் மலையாள நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வந்தது. ஸ்டூடியோவில் கோப்புகளைத் தேதிப்படி அடுக்கிப் பார்த்தார்கள். முன்னிலும் மோசமாகக் கலைந்தது. அந்த நிலையில்தான் ஹார்டு டிஸ்க் ஆவணக் குழுவிடம் வந்தது.

கலைந்தது எப்படி

ஒரே ஃபோல்டரில் 143 வீடியோ கோப்புகள் கிடந்தன. ஹேண்டிகேம் 61, டிஎஸ்எல்ஆர் 82. ஒலிப்பதிவு நான்கு கோப்புகளாகத் தனியே இருந்தது. மெமரி கார்டுகளைக் காப்பி எடுத்த மறுநாளே ஒரு திருமண வேலைக்காக ஃபார்மேட் செய்துவிட்டார்கள். ஆக, கார்டுகளில் இருந்த ஃபோல்டர் அமைப்பும் போய்விட்டது.

ஹேண்டிகேம் 00000 என்று எண்ணத் தொடங்கும். புதிதாக ஃபார்மேட் செய்த கார்டைப் போட்டால் மறுபடியும் 00000. அன்றிரவு இரண்டு கார்டுகள். முதல் கார்டில் 00000 முதல் 00034 வரை 35 கோப்புகள். இரண்டாவதில் 00000 முதல் 00025 வரை 26. ஒரே ஃபோல்டரில் கொட்டியபோது பெயர்கள் மோதின. இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொன்னதும் கணினி பின்னால் வந்தவற்றுக்கு ‘(2)’ என்று ஒட்டுப் போட்டது. ‘(2)’ என்றால் இரண்டாவது கார்டு என்று ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டார்கள். நடந்தது நேர்மாறு. காலையில் கேமராவுக்குள் இருந்தது இரண்டாவது கார்டு. அதைத்தான் முதலில் காப்பி எடுத்திருக்கிறார்கள். எனவே ‘(2)’ ஒட்டிய 26 கோப்புகளும், ஒட்டில்லாத 00026 முதல் 00034 வரையிலான ஒன்பதும் முதல் கார்டைச் சேர்ந்தவை. பெயர்ப்படி அடுக்கினால் இரவு ஒன்பதரை மணித் துண்டும் அதிகாலை இரண்டு மணித் துண்டும் மாறி மாறி வரும். பரிவட்டம் தோன்றி மறைந்த காரணம் இதுதான்.

டிஎஸ்எல்ஆரின் சிக்கல் வேறு. அதன் எண்ணி 9999-ஐத் தொட்டதும் 0001-க்குத் திரும்பும். அன்றிரவு 9951-இல் தொடங்கி 9999 வரை 49 கோப்புகள். பிறகு 0001 முதல் 0033 வரை 33. பெயர்ப்படி அடுக்கினால் பின்னிரவு முன்னால் வந்து நிற்கும். தேதிப்படி அடுக்கினாலும் சரிவராது. அந்தக் கேமராவில் கடிகாரத்தைக் காக்கும் சிறிய உள்பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றும்போதும் கடிகாரம் ஜனவரி 1, 00.00 மணிக்குப் போய்விட்டது. மூன்று பேட்டரிகள், மூன்று நள்ளிரவுகள். அவை மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

ஹேண்டிகேமின் கடிகாரமும் தவறுதான். முற்பகல் பிற்பகல் மாறி, 12 மணி நேரம் பிந்தியிருந்தது. ஆனால் அந்தத் தவறு வரிசையைத் தொடவில்லை. இரவு முழுக்க ஒரே அளவாகத் தவறிய கடிகாரம் முன்பின்னைச் சரியாகவே சொல்லும். இடையில் தொடக்கத்துக்குத் திரும்பிய கடிகாரம்தான் ஆபத்து.

மூன்று வரிசைகள்

வேலையைத் தொடங்குமுன் குழு ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டது. இங்கே மூன்று வரிசைகள் இருக்கின்றன: இரவில் நடந்த வரிசை, கதையின் வரிசை, கோப்புப் பெயரின் வரிசை. நள்ளிரவுப் பூசைக்காக அண்ணாவி கதையை நிறுத்தி, சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டுப் பாடியிருக்கிறார். மீண்டும் தொடங்கும்போது விட்ட இடத்துக்குச் சற்று முன்னாலிருந்து எடுத்திருக்கிறார். ஆகவே நடந்த வரிசையும் கதை வரிசையும் ஒன்றல்ல. கதை வரிசைப்படி ‘திருத்தி’ அடுக்கினால் அந்த இரவே அழிந்துபோகும். நடந்த வரிசையை மட்டும் மீட்பது, கதை வரிசையை அதைச் சோதிக்கும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்வது என்பது முதல் முடிவு.

சினிமாவில் இந்த வேறுபாடு அன்றாட வழக்கம். கடைசிக் காட்சியை முதல் நாளே எடுப்பார்கள். கிளாப் பலகையில் எழுதும் காட்சி எண், ஷாட் எண், டேக் எண் மூன்றும்தான் பின்னர் எடிட்டரின் மேசையில் அவற்றை இடத்தில் சேர்க்கின்றன. பிலிம் காலத்தில் இதற்கும் கீழே இன்னொரு காவல் இருந்தது. 35 மி.மீ. நெகட்டிவின் ஓரத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஓர் எண் அச்சாகியிருக்கும். ஓர் அடிக்கு 16 ஃபிரேம். பிலிமை வெட்டினாலும், பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு கிழிந்தாலும், எண் துண்டோடு போகும். இந்தக் கொடைப் பதிவில் எண் இருந்தது சீட்டில் மட்டும். துண்டின் உடம்பில் இல்லை. அல்லது, இருந்ததை எவரும் தேடவில்லை.

செய்தவை

வந்த டிஸ்க்கைத் தொடாமல் இரண்டு பிரதிகள் எடுத்தார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 கைரேகை எண் (கோப்பின் உள்ளடக்கம் சற்று மாறினாலும் மாறிவிடும் எண்) கணக்கிட்டுப் பட்டியல் வைத்தார்கள். பெயர் மாற்றும் வேலை நூற்றுக்கணக்கில் வரும்போது ஒரு கோப்பின் மேல் இன்னொன்று எழுதப்பட்டுவிடும் அபாயம் உண்டு. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பட்டியல்.

பிறகு ஹேண்டிகேம். அதன் வீடியோ ஓடைக்குள்ளேயே பதிவு நேரம் பொதிந்திருக்கும். கோப்புப் பெயரை மாற்றினாலும், கணினி காட்டும் தேதி மாறினாலும் அது அப்படியே இருக்கும். மெட்டாடேட்டா படிக்கும் மென்பொருளால் 61 கோப்புகளிலும் அதைப் படித்தார்கள். அரை மணி நேரத்தில் இந்தப் பகுதி முடிந்தது. ‘(2)’ யாருடையது என்பதும் இங்கேதான் தெரிந்தது.

டிஎஸ்எல்ஆரில் 9999-க்கும் 0001-க்கும் நடுவே வெட்டி, பின்பாதியை முன்னால் கொண்டுவந்தாலே போதும். ஆனால் எண்ணை மட்டும் நம்பாமல் ஒலியோடு ஒப்பிட்டார்கள். ஒலிப்பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ. நொடிக்கு 2,88,000 பைட். கருவி 2 ஜிபி ஆனதும் புதுக் கோப்புத் தொடங்கும். அதாவது 2 மணி 4 நிமிடம் 16 நொடிக்கு ஒரு கோப்பு. இந்த நீளமான ஒலிதான் முதுகெலும்பு. அலைவடிவம் பொருத்தியதில் 82-இல் 68 துண்டுகளுக்கு இடம் கிடைத்தது. எல்லாமே எண் சொன்ன வரிசையோடு ஒத்தன. மீதி 14-உம் வேட்டைக்குப் போன சாமியாடியைப் பின்தொடர்ந்து, மிக்சர் ஒலி பதிவாகாத நேரத்தில் எடுத்தவை.

இதில் இரண்டு சிறு தவறுகளுக்கு இடம் உண்டு. ஒலிக் கருவியின் கடிகாரமும் கேமராவின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடா. இங்கே இரண்டு மணி நேரத்தில் 7 ஃபிரேம் நகர்ந்தது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பொருத்த வேண்டும். முதல் துண்டைப் பொருத்திவிட்டு மற்றவற்றைத் தொடர்ந்து ஒட்டக்கூடாது. அடுத்து, ஒலி வந்து சேரும் நேரம். குழாய் ஒலிபெருக்கியிலிருந்து 70 மீட்டர் தள்ளி எடுத்த துண்டில் ஒலி ஐந்தில் ஒரு நொடி பிந்தும். 25 ஃபிரேம் கணக்கில் 5 ஃபிரேம். வாயசைவு பொருந்துவதற்கு இது முக்கியம். முன்பின் தீர்மானிக்க இது தடையில்லை.

44 நிமிடம்

ஒலிக் கருவியின் பேட்டரி 12.48-க்குத் தீர்ந்தது. 1.56-க்குத்தான் யாரோ கவனித்து மாற்றினார்கள். ஹேண்டிகேமின் முதல் கார்டு 12.52-க்கு நிறைந்தது, 1.49-க்குத்தான் இரண்டாவது கார்டு ஏறியது. டிஎஸ்எல்ஆர் சுடுகாட்டுப் பக்கம். 1.05 முதல் 1.49 வரை 44 நிமிடம் அண்ணாவி பாடியதற்கு ஊர்க்காரர்களின் ஃபோன்கள் மட்டுமே சாட்சி. வாட்ஸ்அப் குழுவில் கேட்டதும் 11 துண்டுகள் வந்தன. மொத்தம் 154 ஆனது இப்படித்தான்.

வாட்ஸ்அப் வழியாக வந்த கோப்பின் பெயரிலுள்ள எண், அது வாங்கியவர் ஃபோனில் வந்து சேர்ந்த வரிசை. எடுத்த வரிசை அல்ல. அனுப்பும்போது மறுசுருக்கமாவதால் உள்ளிருக்கும் எடுத்த நேரமும் போய்விடுகிறது. எனவே அனுப்பிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், ஃபோனிலிருந்து கேபிள் வழியாக மூலக் கோப்பைக் கேட்டார்கள். ஆறு கிடைத்தன. ஐந்தை உரியவர்கள் ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தார்கள்.

கிடைத்த ஆறில் முதலில் ஒரு குழப்பம். ஒரு துண்டு 19.42 என்று காட்டியது. மாலை 7.42-க்கு வில் தொடங்கவே இல்லை. எம்பி4 கோப்பின் தலைப்பில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நள்ளிரவு கடந்து 1.12. சில ஃபோன்கள் பதிவு முடிந்த நேரத்தைத்தான் எழுதுகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். அவற்றில் துண்டின் நீளத்தைக் கழித்தால்தான் தொடக்கம் கிடைக்கும். அதே ஃபோனில் ஒரு கடிகாரத்தைப் படம் பிடித்துப் பார்த்தால் அது எந்த வகை என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டிருந்தால் இரண்டு துண்டுகள் இடம் மாறியிருக்கும்.

மீதமிருந்த ஐந்தில் மூன்று, இந்த ஆறின் ஒலியோடு சில நொடிகளாவது ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. இடம் உறுதி. மிஞ்சியவை இரண்டு.

அந்த இரண்டையும் அண்ணாவியிடம் போட்டுக் காட்டி, ‘இது எதுக்கு அப்புறம் அண்ணாவி?’ என்று கேட்டார்கள். அவருக்குச் சொல்ல வரவில்லை. “நடுவுல நின்னுக்கிட்டு வழி கேட்டா எப்படிச் சொல்ல, தம்பி? மேல இருந்து வாரேன், தானா வந்திரும்” என்றார். ஆனால் காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், நாட்டு வளம், கதை, வாழி என்ற பெரும்பகுதிகளைப் பற்றிக் கேட்டால், எதற்குப் பின் எது என்பதில் ஒரு நொடியும் தயங்கவில்லை.

இந்த வேறுபாடு கவனிக்க வேண்டியது. 1951-இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி, பேச்சு, தட்டச்சு, பியானோ வாசிப்பு போன்ற செயல்களில் வரிசை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். ஒன்று அடுத்ததை இழுத்துவரும் சங்கிலி மட்டும் போதாது, மேலே ஒரு திட்டம் இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். அண்ணாவியிடம் இரண்டும் இருந்தன. பகுதிகள் திட்டமாக நின்றன. பகுதிக்குள் பாட்டுகள் சங்கிலியாக ஓடின. ஆகவே கேள்வியின் முறையை மாற்றினார்கள். பகுதியைக் கேள்வியால் உறுதி செய்வது. பகுதிக்குள் அதன் தலையிலிருந்து அவரைப் பாடவிட்டுப் பதிவு செய்வது. பிறகு துண்டோடு ஒப்பிடுவது. ஒன்பதாவது நிமிடத்தில் முதல் துண்டு வந்தது. பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடிய கடைச்சொல்லை அவர் அடுத்த அடியின் தலையில் எடுத்த அந்த இணைப்பு, துண்டின் தொடக்கத்தோடு அப்படியே பொருந்தியது. அந்தாதியின் வேலை இது. இதே ஆற்றங்கரையில் ஆழ்வார்திருநகரியில் பிறந்த நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1102 பாசுரமும் அந்தாதியாகவே ஓடுகிறது. ஒரு பாசுரம் நழுவினால் அதற்கு முந்தைய பாட்டின் ஈறும் அடுத்த பாட்டின் தலையும் காட்டிக்கொடுக்கும். வரிசை பாட்டுக்குள்ளேயே தைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது துண்டு பிடிபடவில்லை. அது சுடலையின் ஆயுதங்களையும் அலங்காரத்தையும் சொல்லும் வருணனை. அதே பாட்டை அண்ணாவி அந்தப் பகுதியில் இரண்டு இடங்களில் பாடுகிறார். ஒரே கண்ணி சங்கிலியில் இரண்டு இடத்தில் வந்தால், அதைத் தனியே பார்த்து எந்த இடம் என்று சொல்ல முடியாது. துண்டின் இரு முனைகளும் அந்தப் பாட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டன. படமும் உதவவில்லை; இருட்டில் எடுத்தது.

ஏட்டின் எண்

அண்ணாவியிடம் அவர் குருவின் ஏட்டைப் பார்த்து எழுதிய நோட்டு ஒன்று இருந்தது. 44 நிமிடப் பகுதியை அதோடு ஒப்பிட்டபோது ஓரிடத்தில் முரண். ஃபோன் நேரம் காட்டிய வரிசையும் அவர் வாய்ப்பாட்டும் ஒன்று, நோட்டு வேறு. எழுத்தில் இருப்பதே சரி என்று எண்ணி, ஒரு துண்டை நகர்த்தவும் தொடங்கினார்கள். நேரம் உறுதியான துண்டை நகர்த்துவதற்கு முன் மூல ஏட்டைப் பார்க்க வேண்டும் என்ற முடிவு நல்ல வேளையாக அன்றே எடுக்கப்பட்டது.

ஏட்டுக் கயிறு பலமுறை அறுந்து மாற்றியது. ஓலையின் இடது ஓரத்தில் தமிழ் எண்கள். அங்கேதான் விடை. பழைய தமிழ் எண்முறையில் ௰௨ என்றால் பத்தும் இரண்டும், 12. ௨௰ என்றால் இரு பத்து, 20. நோட்டு எழுதியவர் இரண்டையும் மாற்றிப் படித்து, இருபதாம் ஓலையைப் பன்னிரண்டாவதாகவும் பன்னிரண்டாம் ஓலையை இருபதாவதாகவும் எழுதியிருக்கிறார். வாய்ப்பாட்டு சரி; எழுத்துத்தான் தவறு. நோட்டை அழித்துத் திருத்தவில்லை. ஓரத்தில் குறிப்பு மட்டும் எழுதப்பட்டது.

அடுக்கிய முறை

ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு இலக்க எண், பத்துப் பத்தாக: 0010, 0020, 0030. முன்னால் பூச்சியம் இல்லாவிட்டால் எழுத்து எழுத்தாக ஒப்பிடும் மென்பொருள் 10-ஐ 2-க்கு முன்னால் வைக்கும். பத்துப் பத்தாக விடுவது, பின்னால் ஒன்று கிடைத்தால் நடுவில் செருக. எண்ணுக்குப் பின் கேமரா, கார்டு, பழைய பெயர் மூன்றும் அப்படியே தொடரும். பழைய பெயரைத் தூக்கி எறிந்தால், இன்று செய்த தவறை நாளை கண்டுபிடிக்க வழியிருக்காது. ஃபோன் துண்டுகளின் ஃபிரேம் வேகம் நிலையாக இல்லாததால், அவற்றை நிலையான 25-க்கு மாற்றிய பிறகே கோத்தார்கள்.

பாட்டுகளின் முதலடி அகராதியைத் தயாரித்தபோது அங்கேயும் வரிசை இடறியது. யூனிகோடு எண்ணில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ, வ பிறகுதான். குறியீட்டு எண்ணின்படி அடுக்கினால் ‘கன்னி’ முன்னும் ‘கப்பல்’ பின்னும் வரும். நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து. புள்ளிக்கும் இதே கதி: அகராதியில் ‘கண்ணன்’ முன், ‘கணபதி’ பின், குறியீட்டு எண்ணில் தலைகீழ். மென்பொருளில் தமிழ் மொழிக்கான வரிசை விதியைத் தேர்ந்தெடுத்ததும் சரியானது. வரிசை விதி எது என்று கேட்காத கருவி, ஏதோ ஒரு விதியைத் தானே எடுத்துக்கொள்கிறது.

விளைவு

10 ஃபோன் துண்டுகள் 44 நிமிடத்தில் 26 நிமிடத்தை நிரப்பின. 18 நிமிடம் இல்லை. முழுத் தொடர் 7 மணி 27 நிமிடம். இல்லாத இடங்களில் கறுப்புத் திரையும் எத்தனை நிமிடம் இல்லை என்ற எழுத்தும் வருகின்றன, ஒட்டி மறைக்கவில்லை. அந்த இடங்களுக்குரிய எண்கள் காலியாகவே உள்ளன. இடம் தெரியாத வருணனைத் துண்டு தொடருக்கு வெளியே, இரண்டு சாத்தியமான இடங்களின் எண்களோடு தனியாக வைக்கப்பட்டது. அதை ஏதோ ஓரிடத்தில் சேர்த்திருந்தால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பின்னால் இதைக் கேட்டுப் பாடம் படிக்கப்போகிறவருக்குத்தான் தவறு போய்ச் சேரும்.

குழுவின் இளைய பின்பாட்டுக்காரர்கள் இருவர் இப்போது பகுதி பகுதியாக இதை வைத்துப் பாடம் செய்கிறார்கள். ஒவ்வொரு பகுதியையும் தலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வருணனைப் பாட்டு வரும் இரண்டு இடங்களிலும், அடுத்து எந்தக் கிளைக்குப் போவது என்பதற்கு அண்ணாவி தனிக் குறிப்புச் சொல்லித் தந்திருக்கிறார்.

அடுத்த கொடைக்கு மாறுபவை

எல்லாக் கருவிகளும் ஓடத் தொடங்கியதும் நொடி காட்டும் ஃபோன் கடிகாரத்தை ஒவ்வொரு கேமராவும் ஐந்து நொடி படம் பிடிக்கும்; அப்படியே மிக்சர் மைக்கின் முன் ஒரு கைதட்டு. கார்டு, பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் இது திரும்ப நடக்கும். டிஎஸ்எல்ஆரின் உள்பேட்டரியை மாற்றியாயிற்று. ஒலிக் கருவிக்கு ஜெனரேட்டர் லைனோடு பவர் பேங்கும். அதன் திரையை அரை மணிக்கு ஒருமுறை பார்ப்பது ஒருவருடைய பொறுப்பு. இரண்டு கேமராக்களின் கார்டும் ஒரே நேரத்தில் மாறக்கூடாது. ஒன்று மாறும்போது மற்றது வில்லின் மேலேயே நிற்கும், வேட்டைக்குப் போகாது.

கார்டில் ஒட்டும் எண் கார்டோடு இருக்கும்; காப்பி எடுக்கும்போது ஒரு கார்டுக்கு ஒரு ஃபோல்டர், உள்ளமைப்பைக் குலைக்காமல். இரண்டு பிரதிகளும் கைரேகை எண்ணும் ஒத்த பிறகுதான் ஃபார்மேட். ஊர்க்காரர்களின் ஃபோன் துண்டுகளை வாட்ஸ்அப்பில் வாங்காமல், மறுநாள் மஞ்சள் நீராட்டு முடிந்ததும் கோயில் முகப்பில் லேப்டாப்பை வைத்துக் கேபிளில் வாங்குவது.

உடுக்கை வாசிப்பவருக்குப் பின்னால் ஒருவர் நோட்டோடு உட்காருவார். பாட்டின் முதலடி, தொடங்கிய மணி, நிமிடம் மட்டும் எழுதினால் போதும். வருணனை எத்தனையாவது முறை வருகிறது என்பதை மட்டும் மறக்காமல் குறிக்க வேண்டும்.